அப்பாவின் புகையிலையும் தம்பியின் சிகரெட்டும்

வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "எங்களுடையது மூன்று தலைமுறையாகப் புகையிலைத் தோட்டம் செய்யும் வீடு. அறுபத்தெட்டு வயதிலும் அப்பா தோட்டத்தில்தான் நிற்கிறார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் நாள் முழுவதும் அவர் வாயில் இருக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பத்தொன்பது வயதுத் தம்பி இப்போது சிகரெட் பத்தத் தொடங்கியிருக்கிறான். கண்டித்தால் அப்பாவைக் காட்டுகிறான். அப்பாவிடம் சொன்னால், 'இந்தப் புகையிலைதான் உன்னைப் படிப்பிச்சது. வெள்ளைக்காரன் பத்தாத சிகரெட்டா? அவன்ர கொம்பனியை விட்டிட்டு எங்கட தோட்டத்தைத்தான் மூடச் சொல்லுறாங்கள்' என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டா? நான் யாருக்கு என்ன சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையார் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. அதனை இந்தப் பதிலில் விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னர் அவருடைய வாயை நீங்கள் பார்க்க வேண்டும். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அறுபத்தெட்டு வயதில், பல ஆண்டுகளாகப் புகையிலையோடு வெற்றிலை போடும் ஒருவருக்கு அந்த ஆபத்து மிக அதிகம்.

நல்ல பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் ஒரு கதிரையில் அவரை இருத்தி, வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கையைக் கழுவிக்கொண்டு, வெற்றிலையை அவர் வழக்கமாக அடக்கி வைத்திருக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் விலக்கி உட்புறத்தைப் பாருங்கள். பிறகு மற்றக் கன்னம், முரசு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி. துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், பட்டுப்போல் சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், விரலில் தட்டுப்படும் தடிப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். அதன் பின், அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்துக் குத்தாக வைத்து, முன்பற்களுக்கிடையே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்று விரலும் நுழையாத அளவுக்கு வாய் இறுகியிருந்தாலோ, உறைப்புக் கறி பட்டதும் வாய் எரிகிறது என்று அவர் சில காலமாகச் சொல்லிவந்தாலோ, கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகத் தொடங்கியிருக்கலாம். அதுவும் பின்னர் புற்றுநோயாக மாறக்கூடிய நிலைதான். வலி இல்லையே என்று அவர் சொல்வார். ஆரம்பக் கட்டத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியோடு வைத்தியர்களாகிய எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் காலந்தாழ்த்தி வந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கைத் தொடர்வது பாதி வேலை. 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள்தான் என்று வகைப்படுத்திவிட்டது. வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடி உறங்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்; இரவு முழுவதும் ஒரே இடத்தில் ஊறிக்கொண்டிருக்கும் சாறு அந்த ஒரு இடத்துத் தோலையே அரிக்கிறது. எந்த அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவிலும் இதனைக் காட்டலாம், பணம் எதுவும் தேவையில்லை. மேல்சிகிச்சை வேண்டுமென்றால் தெல்லிப்பழை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் நாடு முழுவதும் மக்கள் கொடுத்த காசில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அது. வாயில் ஒரு திட்டோடு அங்கே போவதற்கு எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

இனி, தந்தையாரின் வாதத்துக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரர் புகைத்தார்கள் என்பது உண்மை. 1948 இல் பிரித்தானிய ஆண்களில் 82 வீதமானோர் ஏதோ ஒரு வகையில் புகைப்பவர்களாக இருந்தார்கள். 1950 இல் டொல், ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இலண்டன் வைத்தியசாலை நோயாளிகளை ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தார்கள். 1964 இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கை அதனை உறுதிப்படுத்தியது. அதன் பின்னர் அந்த நாடுகள் வரியை உயர்த்தின, தொலைக்காட்சியில் விளம்பரத்தை நிறுத்தின, அலுவலகங்களிலும் உணவகங்களிலும் புகைப்பதைத் தடுத்தன. இன்று பிரித்தானியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவரே சிகரெட் புகைக்கிறார். தந்தையார் நினைவில் வைத்திருப்பது பழைய காலத்து வெள்ளைக்காரனை.

அங்கே வாங்குவோர் குறையக் குறைய, விற்பவர்கள் தொழிலைச் சுருக்கிக்கொள்ளவில்லை. வேறு நாடுகளில் ஆள் தேடினார்கள். இன்று உலகில் புகையிலை பாவிப்பவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோர் எங்களைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் வாழ்கிறார்கள். இது தற்செயலாக நடந்ததல்ல. 1902 இலேயே பிரித்தானியாவின் இம்பீரியல் நிறுவனமும் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனமும் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: பிரித்தானியா ஒருவருக்கு, அமெரிக்கா மற்றவருக்கு, எஞ்சிய உலகம் முழுவதும் இருவரும் சேர்ந்து உருவாக்கிய பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற புதிய நிறுவனத்துக்கு. 'எஞ்சிய உலகம்' என்பதில் எங்கள் நாடும் அடங்கும். இலங்கையில் சட்டபூர்வமாகச் சிகரெட் உற்பத்தி செய்துவரும் இலங்கைப் புகையிலைக் கம்பனியின் பங்குகளில் 80 வீதத்துக்கும் அதிகமானவை இன்றும் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கின்றன.

1980களின் நடுப்பகுதியிலிருந்து நடந்ததை, உங்கள் தம்பி போன்ற இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். ஜப்பான், தாய்வான், தென் கொரியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் சிகரெட் விற்பனை அரசின் கையில் இருந்தது. வெளிநாட்டுச் சிகரெட்டுக்கு வாசல் ஏறத்தாழ மூடியிருந்தது. அமெரிக்கக் கம்பனிகள் தங்கள் அரசிடம் முறையிட்டன. அமெரிக்க அரசு தனது வர்த்தகச் சட்டத்தைக் காட்டி, கதவைத் திறக்காவிட்டால் உங்கள் ஏற்றுமதிகளுக்குத் தண்டனை வரி விதிப்போம் என்று அந்த நாடுகளை ஒவ்வொன்றாக அச்சுறுத்தியது. தன் மக்களுக்குச் சிகரெட் வேண்டாம் என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த அதே அரசு இதைச் செய்தது என்பதை இன்று நினைத்தாலும் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று நாடுகள் விட்டுக்கொடுத்தன. தாய்லாந்து மறுத்து நின்றதால் வழக்கு சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் நடுவர் குழுவுக்குப் போனது. 1990 இல் வந்த தீர்ப்பு, இறக்குமதியைத் தாய்லாந்து அனுமதிக்கத்தான் வேண்டும், ஆனால் உள்நாடு வெளிநாடு என்ற பாகுபாடு இல்லாமல் எல்லாச் சிகரெட்டுக்கும் விளம்பரத்தைத் தடைசெய்யலாம், வரி விதிக்கலாம் என்றது. தாய்லாந்து அந்த இடைவெளியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆயினும், வெளிநாட்டுக் கம்பனிகளின் வருகையால் அந்த நான்கு நாடுகளிலும் ஆளொன்றுக்கான சிகரெட் பாவனை, அவை வராமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிடச் சராசரியாகப் 10 வீதம் அளவில் உயர்ந்தது என்று பின்னர் பொருளியலாளர்கள் கணித்தார்கள். புதிய விளம்பரமும் புதிய போட்டியும் வந்தபோது, அதுவரை புகைக்காதவர்களும் புகைக்கத் தொடங்கினார்கள்.

2005 இல் பிலிப் மொறிஸ் என்ற பன்னாட்டுச் சிகரெட் நிறுவனம் இந்தோனேசியாவின் பெரிய கிராம்புச் சிகரெட் நிறுவனமான சம்பூர்ணாவை வாங்கியது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையில் இணையாத நாடு இந்தோனேசியா, அங்கே வயதுவந்த ஆண்களில் பெரும்பான்மையினர் புகைக்கிறார்கள். 2010 இல் அதே நிறுவனம், பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் போடச் சொன்ன உருகுவே என்ற சின்னஞ்சிறு நாட்டை, முதலீட்டு உடன்படிக்கை ஒன்றைக் காட்டி வழக்குக்கு இழுத்தது. 2016 இல் உருகுவே வென்றது. வழக்குச் செலவாக 70 இலட்சம் டொலரை நிறுவனமே செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

எங்கள் நாட்டிலும் இதே கதை நடந்தது. "கொம்பனியை விட்டிட்டு" என்று தந்தையார் சொல்வதை ஓரளவு திருத்த வேண்டிய இடம் இது. இலங்கை 2003 ஆம் ஆண்டிலேயே அந்த உலக உடன்படிக்கையை ஏற்றது; 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சிகரெட் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்தது. 2012 இல் சுகாதார அமைச்சு பெட்டியின் 80 வீதத்தில் நோயின் படங்களை அச்சிட உத்தரவிட்டபோது கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 50 முதல் 60 வீதமாகக் குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதமாக்கியது. ஆகவே கம்பனியை எவரும் விட்டுவிடவில்லை. ஆனால் கம்பனியிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், தோட்டக்காரரிடம் இல்லை. 2020 ஆம் ஆண்டுக்குள் புகையிலைச் செய்கையை நிறுத்தப்போவதாக 2017 இல் அரசு அறிவித்தபோது, பதிலுக்கு எதை நடுவது, அதற்கு யார் விலை தருவது என்பதைத் தோட்டக்காரர் நம்பக்கூடிய விதத்தில் யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு கடந்துபோய்விட்டது, புகையிலை இன்னும் தோட்டத்தில் நிற்கிறது. தந்தையாரின் கோபத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பகுதி இதுதான்.

அந்தக் கோபத்தைப் பிறர் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதையும் அவர் அறிய வேண்டும். 1984 இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் புகையிலை விவசாயிகள் சங்கம் பெயரளவில் விவசாயிகளுடையது. அதற்குப் பணம் கொடுத்தவை சிகரெட் கம்பனிகள் என்பதும், உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சிகளை ஏழை நாடுகளின் விவசாயிகளின் குரலால் எதிர்க்க அதனைப் பயன்படுத்தினார்கள் என்பதும், 1990களில் அமெரிக்க வழக்குகளால் வெளிவந்த கம்பனிகளின் சொந்த ஆவணங்களிலிருந்தே தெரியவந்தது. வரியை உயர்த்தினால் ஏழை விவசாயி அழிந்துபோவான் என்று யாராவது பேசும்போது, உங்கள் வீட்டுப் புகையிலை யாருக்குப் போகிறது என்று தந்தையாரிடமே கேளுங்கள். ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலை, பெரும்பாலும் சுருட்டுக்கும் வெற்றிலைக்கும் உரியது. தம்பி கையில் இருக்கும் சிகரெட் விற்பதால் தந்தையாருக்கு ஒரு சதமும் வருவதில்லை. சுருட்டை மறந்து சிகரெட்டுக்கு மாறிய ஒவ்வொரு இளைஞனும் அவருடைய தொழிலுக்கும் ஓர் இழப்புத்தான். அதற்காகச் சுருட்டு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை; உடலுக்குள் போனபின் எல்லாம் ஒரே நஞ்சுதான்.

இனித் தம்பி. புகையிலையின் கொடுமைகளுள் ஒன்று, அது தரும் நோய் வெளித்தெரிய மூன்று, நான்கு தசாப்தங்கள் எடுப்பது. ஒரு சமூகத்தில் புகைத்தல் உச்சத்தை அடைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே சாவுகளும் உச்சத்தை அடைகின்றன. அதனால்தான் பத்தொன்பது வயதுக்காரனிடம் புற்றுநோய்ப் படத்தைக் காட்டினாலும் அவன் மனம் அசைவதில்லை. தொடர்ந்து புகைப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனாலேயே இறக்கிறார்கள் என்பது உண்மை; உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி இறக்கிறார்கள் என்பதும் உண்மை. அவற்றைச் சொல்லலாம், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

காசிலிருந்து தொடங்குங்கள். ஒரு சிகரெட் 100 ரூபாயையும் தாண்டிவிட்டது. 100 என்றே வைத்தாலும், நாளுக்கு ஐந்து என்றால் மாதம் 15,000 ரூபாய். வேலைக்குப் போகாத பையனுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அதட்டாமல் கேட்டால், அநேகமாகப் பெட்டியாக வாங்குவதில்லை, தேநீர்க் கடையில் ஒவ்வொன்றாக வாங்குகிறேன் என்பான். உலக உடன்படிக்கை சில்லறைச் சிகரெட் விற்பனையைத் தடுக்க முயலுமாறு நாடுகளைக் கேட்பது இதற்காகவே: பெட்டி வாங்க வசதியில்லாத பையனுக்கும் ஒன்று வாங்கக் காசு இருக்கும், பெட்டியில் உள்ள படமும் அவன் கண்ணில் படாது. விலையேற்றம் மிக வலிமையான மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களைப் போன்ற நாடுகளில் விலை 10 வீதம் ஏறினால் பாவனை ஏறத்தாழ 5 வீதம் குறைகிறது; முதலில் குறைப்பவர்கள் இளைஞர்களும் வசதி குறைந்தவர்களும்.

இன்னொன்று: எங்கள் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். உங்கள் தம்பிக்கு விற்ற கடைக்காரர் சட்டத்தை மீறியிருக்கிறார். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இதனைச் சொல்லுங்கள். தம்பியின் பெயரைக் கொடுக்கத் தேவையில்லை, கடையைக் காட்டினால் போதும். ஊருக்குள் மனக்கசப்பு வரும் என்று தயங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். முதலில் கடைக்காரரிடமே நேரில் ஒருமுறை பேசிப்பாருங்கள். பலர் சொன்னால் கேட்பார்கள். சிகரெட்டுக்குப் பதிலாக இலத்திரனியல் சிகரெட் பிடிக்கலாம் என்று தம்பி சொன்னால், அதன் விற்பனை 2016 முதல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது என்பதையும், நிக்கொட்டின் அடிமைத்தனம் அதிலும் அப்படியே தொடரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அவன் விட நினைத்தால், முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடினம்: எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், அடங்காத பசி. இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அவை தணியும். எழும் ஆசை ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நிமிடங்களில் தண்ணீர் குடிப்பது, எழுந்து நடப்பது, அந்தத் தேநீர்க் கடைப் பக்கம் சில வாரம் போகாதிருப்பது எல்லாம் உதவும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

அவன் அப்பாவைக் காட்டித் தப்புகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அப்பாவையே பேசவிடுங்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரு பழக்கத்தின் பிடியில் இருப்பவர், காலையில் கண் விழித்ததும் கை எதைத் தேடுகிறது, தட்டத்தில் புகையிலை முடிந்துபோன நாளில் மனம் என்ன பாடுபடுகிறது, விட முயன்று எத்தனை முறை திரும்பினார் என்பதைத் தன் வாயால் மகனுக்குச் சொன்னால், அதற்கு ஈடாக நானோ நீங்களோ எதையும் சொல்லிவிட முடியாது. 'நான் போடுறன், நீ பத்தாதை' என்று அதட்டுவதை அவன் ஏற்கமாட்டான். 'என்னால விடேலாமல் கிடக்கு, நீ இதுக்குள்ள வராதை' என்று சொன்னால் கேட்கக்கூடும். இருவரும் ஒரே நாளில் நிறுத்தத் தொடங்கினால் இன்னும் நல்லது. அப்படி நடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

"இந்தப் புகையிலைதான் உன்னைப் படிப்பிச்சது" என்ற சொல் உங்களைக் குற்ற உணர்வில் தள்ளியிருப்பதாகக் கடிதத்தில் தெரிகிறது. அதை மறுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வைத்தியர்களும் ஆசிரியர்களும் புகையிலைத் தோட்டத்திலிருந்தும் சுருட்டுக் கொட்டிலிலிருந்தும் வந்தவர்கள்தான். நன்றி வேறு, வாயில் உள்ள திட்டை வைத்தியரிடம் காட்டுவது வேறு.

தோட்டத்தைப் பற்றி ஒரு வைத்தியன் சொல்லக்கூடியது குறைவு. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது அவற்றை நட்டுக் கல்வீடு கட்டியவர்கள் இந்தக் குடாநாட்டில் நிறையப் பேர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபின் விலை விழுந்து அவர்கள் பட்ட பாட்டையும் தந்தையார் கண்ணால் கண்டிருப்பார். மாற்றுப் பயிர் என்ற பேச்சை அவர் நம்பாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். புகையிலைக்கு வாங்க வருபவர் இருக்கிறார், உலர்த்திவிட்டால் பழுதடையாது. வெங்காயத்துக்கு அந்த உறுதி இல்லை. உலக உடன்படிக்கையின் 17 ஆம் உறுப்புரை, புகையிலை பயிரிடுவோருக்கு வருமானம் தரக்கூடிய மாற்று வழிகளை ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கேட்கிறது. இலங்கை அதில் கையொப்பமிட்டிருக்கிறது. எனவே உங்கள் கமக்காரர் அமைப்பு, எங்களைத் தடுக்காதீர்கள் என்று கேட்பதைவிட, நிறுத்துகிறோம், கொள்வனவு விலையையும் களஞ்சிய வசதியையும் எழுத்தில் தாருங்கள் என்று கேட்பதே பலன் தரும் என்பது என் எண்ணம். எந்தப் பயிர் உங்கள் செம்மண்ணுக்குத் தோதானது என்பதைத் திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். முதலில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் நட்டுப் பாருங்கள். கணக்குப் பார்க்கும்போது, கன்று நட்டதிலிருந்து இலை முறித்துக் கட்டும் வரை வீட்டார் செய்த வேலைக்கும் கூலி போட்டுப் பாருங்கள். புகையிலை தரும் இலாபத்தில் எவ்வளவு வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு என்பது அப்போது தெரியும்.

அதுவரை தோட்டம் நடக்கும்தானே. ஈரமாக இருக்கும் பச்சைப் புகையிலை இலையிலிருந்து நிக்கொட்டின் தோல் வழியாக உடலில் ஏறும். இலை முறிக்கும் நாளில் வரும் தலைச்சுற்றும் குமட்டலும் வாந்தியும் வெயிலால் மட்டும் வருவதல்ல. பனி உலர்ந்தபின் முறியுங்கள். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, அந்த உடுப்பைத் தனியே தோயுங்கள். புகைக்குடிலில் பொச்சுமட்டை மூட்டிப் புகையூட்டும்போது யாரும் உள்ளே நிற்க வேண்டாம், முக்கியமாக இழுப்பு உள்ளவர்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் இலை முறிப்பதற்கு இறக்காதீர்கள். ஒரு நாள் ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, கூலிக்கு ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.